டிஸார்டின் தகரப் பெட்டி: கொடுத்தது புத்தியா, ஏமாளித்தனமா?

பழைய_வானொலி எழுதியது:

1940 ஆகஸ்ட் 28 ராத்திரி, லண்டன் கம்பர்லேண்ட் ஹோட்டல். எட்வர்ட் போவன் என்ற வேல்ஸ்காரர், வயசு 29, ரேடார் விஞ்ஞானி. போரில் இருந்த பிரிட்டன் தன் ரகசியங்களை அமெரிக்காவுக்குக் கொடுக்க அனுப்பிய ஹென்றி டிஸார்ட் குழுவில் ஒருவர். கையில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியின் தம்பி மாதிரி, பத்திரம் வைக்கிற சாதாரணக் கடைப் பெட்டிதான். ஹோட்டல் பெட்டகத்துக்குள் அது நுழையவில்லை. மனுஷன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டார்.

உள்ளே இருந்தது பிரிட்டனின் ராணுவ ரகசியம் மொத்தமும். ஜெட் எஞ்சின், வெடிகுண்டு ஃபியூஸ், பீரங்கி குறிபார்க்கும் கருவி என்று கத்தை கத்தையாகக் காகிதம். அதோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புக் கட்டி. அதுதான் மேக்னட்ரான், ரேடாருக்கு வேண்டிய குறுகிய ரேடியோ அலையைச் சக்தியோடு கிளப்பும் கருவி.

மறுநாள் காலை டாக்ஸிக்காரர் பெட்டியை வண்டிக்குள் ஏற்ற மாட்டேன் என்று கூரை மேல் கட்டினார். யூஸ்டன் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் விறுவிறுவென்று போக, போவன் பின்னாலேயே ஓடியிருக்கிறார். எக்மோரில் போர்ட்டர் பின்னால் ஓடின யாருக்கும் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

பெட்டி லிவர்பூலில் கப்பலேறி செப்டம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது. குழுத் தலைவர் டிஸார்ட் முன்னாடியே விமானத்தில் போயிருந்தார். கூட வந்தவர்களில் இயற்பியலாளர் ஜான் காக்க்ராஃப்டும் மூன்று படைகளின் அதிகாரிகளும் இருந்தார்கள். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். "நீங்க இது கொடுத்தா நாங்க அது கொடுப்போம்" என்ற பேரமே இல்லாமல், இருப்பதை எல்லாம் எடுத்து மேஜையில் வைத்தார்கள். சர்ச்சிலே முதலில் தயங்கினார், அமெரிக்கா போரை நெருங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று.

அதே செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பலுக்கு பிரிட்டன் தன் தீவுகளில் ராணுவத் தளங்களை 99 வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. ஓட்டைக் கப்பலுக்குக் குத்தகைப் பத்திரம், மேக்னட்ரானுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது! இது சரியா? உங்க கருத்தைச் சொல்லுங்க.

---

மதுரக்காரன் எழுதியது:

இதுல கருத்து வேற சொல்லணுமா அண்ணே? சுத்தமான ஏமாளித்தனம். 1940ல எல்லாத்தையும் கொடுத்தாங்க. 1946 ஆகஸ்ட்ல அமெரிக்கா மக்மஹோன் சட்டம் போட்டு, அணு ரகசியம் எந்த நாட்டுக்கும் கிடையாது, கூட உழைச்ச பிரிட்டனுக்கும் கிடையாதுன்னு கதவைச் சாத்திருச்சு. அமெரிக்கா அணுகுண்டு செஞ்ச லாஸ் அலமாஸ்ல போய் வேலை பார்த்த பிரிட்டிஷ்காரங்க ஊருக்குத் திரும்பி, ஞாபகத்துல இருந்ததை வச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. 1952 அக்டோபர்லதான் சொந்தக் குண்டை வெடிக்க முடிஞ்சது. ஆறு தாண்டுற வரைக்கும் அண்ணன் தம்பி, கரை ஏறினா நீ யாரோ நான் யாரோ.

---

கோவை_மெக்கானிக் எழுதியது:

எனக்கு சரித்திரம் அவ்வளவா தெரியாதுங்க. நான் மைக்ரோவேவ் அவன் ரிப்பேர் பண்றவன். நீங்க சொல்ற மேக்னட்ரானை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கையில தூக்கறேன், அதனால ரெண்டு வார்த்தை.

வெளியில பார்த்தா அலுமினியத் தகடு அடுக்கு, சூடு போறதுக்கு. மேலயும் கீழயும் ஒவ்வொரு வட்டக் காந்தம். ஸ்க்ரூடிரைவரைக் கிட்ட கொண்டு போனா லபக்குன்னு இழுத்துக்கும். நடுவுல செப்பு உருளை. செத்துப்போன பீஸ் ஒண்ணை ஹாக்ஸா போட்டு அறுத்துப் பார்த்திருக்கேன். உள்ள சாத்துக்குடியைக் குறுக்கா வெட்டின மாதிரி சுளை சுளையா செப்புத் தகடு, நட்ட நடுவுல சுருள் கம்பி. கம்பியில இருந்து எலக்ட்ரான் நேரா தகட்டுக்குப் போக முடியாம காந்தம் வளைச்சு வளைச்சுச் சுத்த விடும். அது ஒவ்வொரு சந்து வாசலையும் கடக்கறப்ப சந்துக்குள்ள ஒரு அதிர்வு கிளம்பும். புல்லாங்குழல் துளைக்கு மேல காத்து போற மாதிரின்னு நான் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை: வீட்டுல யாரும் இதைச் செஞ்சு பார்க்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கி அடிச்சிரும். சில பழைய பீஸ்ல பீங்கான் பாகம் பெரிலியம் கலந்தது, உடைஞ்ச தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சந்தேகம் ஒண்ணு. தகடுகளுக்கு மேல மெல்லிசா ரெண்டு வளையம் பத்த வச்சிருக்கான், ஒண்ணு விட்டு ஒரு தகட்டைத் தொட்டுக்கிட்டுப் போகுது. அது எதுக்குன்னு இருபது வருஷமா யாருமே எனக்குச் சொல்லலை.

---

பழைய_வானொலி எழுதியது:

மெக்கானிக் தம்பி, இந்த இழைக்கே இதுதான் சாவி. அந்த வளையம் 1941ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சேயர்ஸ் போட்டது. வளையம் இல்லாவிட்டால் மேக்னட்ரான் ஒரு அலைவரிசையில் நிற்காமல் தாவும். ஒன்று விட்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டினதும் தாவல் அடங்கி, சக்தியும் பல மடங்கு ஏறியது.

மேக்னட்ரான் முதலில் வேலை செய்ததும் அதே பர்மிங்காமில்தான், ஜான் ராண்டல், ஹாரி பூட் இருவர் கையில், 1940 பிப்ரவரி 21. ஏறக்குறைய 400 வாட், பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அலை. அமெரிக்கர்கள் கையில் அந்த அலைநீளத்துக்கு இருந்த குழாய்கள் சில வாட்டிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. 1949ல் ராண்டல், பூட், சேயர்ஸ் மூவருக்கும் சேர்த்து பிரிட்டிஷ் அரசு கொடுத்த பரிசு 36,000 பவுன்.

இன்னொரு கதை. பெட்டியில் போனது பிரிட்டிஷ் ஜிஇசி கம்பெனியின் வெம்ப்ளி ஆய்வுக்கூடத்தில் எரிக் மெகா செய்த 12ஆம் நம்பர் மேக்னட்ரான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்காரர்கள் அக்டோபரில் அதை ஓட்டிப் பார்த்து வாய் பிளந்தார்கள். நகல் எடுக்கலாம் என்று எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே எட்டுத் துளை. கொண்டு வந்த வரைபடத்திலோ ஆறு! ஏதோ மோசடி என்று சந்தேகமே வந்துவிட்டது. போவன் அமெரிக்காவில் இருந்தபடியே மெகாவைக் கேட்ட பிறகு விஷயம் வெளிவந்தது. முதல் பத்து பீஸ் ஆறு துளை, பதினொன்று ஏழு, பன்னிரண்டு எட்டு என்று சோதனைக்காக மாற்றிப் போட்டிருக்கிறார். படம் பழையதாகவே நின்றுவிட்டது.

பெட்டிக்குள் படம் மட்டும் போயிருந்தால்? பொருளும், பொருளை அறிந்த ஆளும் சேர்ந்து போனதால்தான் அந்தக் குழப்பம் சீக்கிரமே தீர்ந்தது.

---

தமிழினி_திருச்சி எழுதியது:

சின்னக் கேள்வி, சிரிக்காதீங்க. பத்து சென்டிமீட்டர் அலைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ரேடார்தான் அதுக்கு முன்னாடியே இருந்ததே?

---

பழைய_வானொலி எழுதியது:

சிரிக்க என்ன இருக்கிறது அம்மா. இங்கிலாந்துக் கடற்கரையில் இருந்த ரேடார் கோபுரம் 360 அடி உயரம், அலை பத்து மீட்டருக்கு மேல். அரிக்கேன் விளக்கு மாதிரி எல்லாப் பக்கமும் பரவும். டார்ச் மாதிரி குவிக்க வேண்டுமானால் ஆன்டெனா அலைநீளத்தைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். பத்து மீட்டர் அலைக்கு மைதானமே வேண்டும், பத்து சென்டிமீட்டருக்கு அண்டா மூடி போதும், விமான மூக்கிலேயே வைத்துவிடலாம்.

விமானத்தில் முன்பு இருந்த ரேடார் ஒன்றரை மீட்டர் அலை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அதைக் கேட்கும் பெட்டியை வைத்துக்கொண்டு, விமானம் வரும் முன்னே முங்கிவிடும். 1943 ஆரம்பத்தில் பத்து சென்டிமீட்டர் வந்ததும் அந்தப் பெட்டிக்குக் காது கேட்கவில்லை. அந்த மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் போயின. எல்லாப் பெருமையும் ரேடாருக்கே என்று சொல்ல மாட்டேன், சங்கேத உடைப்பும் நெடுந்தூர விமானங்களும் அதில் உண்டு.

---

யாழ்_வாசிகசாலை எழுதியது:

வணக்கம். எல்லாரும் பிரிட்டன், அமெரிக்கா என்றே கதைக்கிறியள். பிரெஞ்சுக்காரரை மறந்து போட்டியள்.

1940 மே மாதம், ஜெர்மன் படை பிரான்சுக்குள் இறங்க ஒன்றிரண்டு நாள்தான் கிடக்கு. மொரிஸ் போன்ட் எண்ட பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தங்கட மேக்னட்ரானைத் தூக்கிக்கொண்டு வெம்ப்ளிக்கு வந்தவர். அதின்ர நடுக் கம்பிக்கு ஒக்சைட் பூச்சு. அதுதான் விசேஷம். மெகா அந்தப் பூச்சைத் தன்ர வடிவமைப்பில சேர்த்துப்போட்டுத்தான் கிலோவாட் கணக்கில சக்தி எடுத்தவர். ஒரு மாதம் கழிச்சுப் பாரிஸ் விழுந்திட்டுது.

அப்ப, டிஸார்டின்ர பெட்டிக்குள்ள கிடந்தது பிரிட்டிஷ் துளையும் பிரெஞ்சுப் பூச்சும் கலந்த சாமான். மதுரைத் தம்பி "கொடுத்து ஏமாந்தாங்கள்" எண்டு சொல்லுறார். பிரான்சு கொடுத்ததுக்கு என்ன கிடைச்சது? நாடே போட்டுது. ஆனால் கொடுக்காமல் வச்சிருந்தால் அந்தப் பூச்சு ஜெர்மன்காரன்ர கையிலதான் போயிருக்கும்.

---

மதுரக்காரன் எழுதியது:

யாழ் ஐயா சொல்றது நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா பென்சிலினை எடுங்க. ஆக்ஸ்ஃபோர்டுல ஃப்ளோரி, செயின், ஹீட்லி மூணு பேரும் படுக்கைப் பாத்திரத்துல பூஞ்சை வளர்த்து உயிரைக் கொடுத்து மருந்தா ஆக்கினது. காப்புரிமை வாங்கலாம்னு செயின் கத்தினாரு. மருந்துக்குக் காப்புரிமையா, அசிங்கம்னு பெரியவங்க அடக்கிட்டாங்க. 1941 ஜூலையில ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போய் எல்லாத்தையும் சொன்னாங்க. போர் முடிஞ்சதும் அங்க கூட வேலை பார்த்தவரே வளர்ப்பு முறைக்கு பிரிட்டன்லயே காப்புரிமை எடுத்துட்டாரு. நம்ம வீட்டு மாவை அரைச்சுக் கொடுத்து, நம்மகிட்டயே தோசைக்குக் காசு கேட்ட கதை.

---

மருந்தாளுநர் எழுதியது:

மதுரக்காரன் சார், பாதி சரி. நான் மருந்துத் தயாரிப்புத் துறையில் இருக்கிறேன், மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு முறையில் பூஞ்சை மேலாகப் படரும், அவ்வளவுதான். நோயாளியாக வந்த ஒரு போலீஸ்காரருக்கே மருந்து போதாமல், அவர் சிறுநீரில் இருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்து ஏற்றினார்கள். அப்படியும் பத்தாமல் 1941 மார்ச்சில் அந்த போலீஸ்காரர் இறந்தார்.

இல்லினாய் மாநிலத்தின் பியோரியா விவசாய ஆய்வகத்தில் இரண்டு காரியம் நடந்தது. மக்காச்சோள ஸ்டார்ச் எடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவு நீரை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள், அதை ஊற்றிப் பார்த்ததும் விளைச்சல் எகிறியது. அப்புறம் அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த அழுகிய முலாம்பழத்தில் இருந்த பூஞ்சை, ஆக்ஸ்ஃபோர்டு பூஞ்சையைவிட வேகமாகச் சுரந்தது. இரண்டையும் பெரிய தொட்டியில், காற்று ஊதிக் கலக்கிக்கொண்டே வளர்த்தார்கள். பின்னால் பிரிட்டிஷ் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் இந்தத் தொட்டி நுட்பத்தைத்தான். மாவு நம்முடையது, சரி. கிரைண்டர் அவர்களுடையது சார். குண்டு விழுகிற ஊரில் அந்தத் தொட்டியை எங்கே கட்டியிருப்பார்கள்?

---

பழைய_வானொலி எழுதியது:

மதுரைத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மக்மஹோன் சட்டத்தை மேக்னட்ரானோடு முடிச்சுப் போடக் கூடாது. அணு விஷயத்தில் பிரிட்டன் தோற்றது கொடுத்ததால் இல்லை, கொடுக்க வேண்டிய நேரத்தில் முறுக்கிக்கொண்டு நின்றதால்.

யுரேனியம் குண்டு செய்ய முடியும் என்று 1940 மார்ச்சில் கணக்குப் போட்டவர்கள் பர்மிங்காமில் இருந்த ஃப்ரிஷும் பையர்ல்ஸும். 1941 கோடையில் அணுகுண்டு சாத்தியமா என்று ஆராய்ந்த பிரிட்டனின் மாட் கமிட்டி அறிக்கை வரும்போது பிரிட்டன்தான் முன்னால். அந்த அக்டோபரில் ரூஸ்வெல்ட்டே சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதி, சேர்ந்து செய்வோமா என்று கேட்டார். லண்டன் சட்டை செய்யவில்லை. அமெரிக்கர்களால் ரகசியம் காக்க முடியாது என்று ஒரு நினைப்பு.

ஒன்பது மாதத்தில் எல்லாம் தலைகீழ். அமெரிக்கா பணத்தைக் கொட்டி எங்கோ போய்விட்டது. 1942 ஜூலையில் அமைச்சர் ஜான் ஆண்டர்சன் சர்ச்சிலுக்கு எழுதினார்: நம் முன்னோடி வேலை கரைந்துகொண்டிருக்கும் சொத்து, சீக்கிரம் பயன்படுத்தாவிட்டால் ஒன்றுமில்லாமல் போகும் என்கிற அர்த்தத்தில். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கதவைத் தட்டியபோது, 1943 ஜனவரியில் அமெரிக்கா தகவலையே சுருக்கிவிட்டது. அந்த ஆகஸ்டில் கியூபெக் ஒப்பந்தம். உள்ளே விட்டார்கள், ஆனால் போருக்குப் பிந்தைய தொழில் லாபம் அமெரிக்க ஜனாதிபதி சொல்கிறபடிதான் என்று சர்ச்சில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஐஸ் கட்டி வியாபாரம் இது. மேக்னட்ரானைக் கட்டியாக இருக்கும்போதே கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரேடாருக்கென்றே ரேடியேஷன் லேபரட்டரி முளைத்தது, போர் முடிவதற்குள் நாலாயிரம் பேர் வரை அங்கே வேலை பார்த்தார்கள். லண்டனை நோக்கிப் பறந்த ஜெர்மன் வி-1 பறக்கும் குண்டுகளை 1944ல் அடித்து வீழ்த்திய எஸ்சிஆர்-584 ரேடார் அங்கே வடிவமைத்ததுதான். அதனோடு சேர்த்துச் சுட்ட ஷெல்லை, இலக்கை நெருங்கினதும் தானாக வெடிக்க வைக்கும் அண்மை ஃபியூஸும் பெட்டியில் காகிதமாகப் போய், அங்கே பீரங்கி உதையைத் தாங்கும் பொருளாகத் திரும்பி வந்ததே. அணுவை மட்டும் கையில் வைத்து அழகு பார்த்தார்கள், தண்ணீராகிவிட்டது.

ஒரு கூத்தும் உண்டு. 1944 செப்டம்பரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும், போருக்குப் பிறகும் அணுவில் ஒத்துழைப்பு தொடரும் என்று ஒரு குறிப்பில் ஒப்பமிட்டார்கள். தலைப்பில் இருந்த "டியூப் அலாய்ஸ்" என்பது அணுத் திட்டத்தின் சங்கேதப் பெயர். யாரோ ஒரு குமாஸ்தா அதை கடற்படைக் குழாய் சமாச்சாரம் என்று நினைத்து கடற்படைக் கோப்பில் சொருகிவிட்டார். ரூஸ்வெல்ட் இறந்த பிறகு அமெரிக்கப் பிரதி வருஷக்கணக்கில் கிடைக்கவே இல்லை. தாலுகா ஆபீஸ் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

---

தமிழினி_திருச்சி எழுதியது:

சோவியத்தும் நேசநாடுதானே? அவங்களுக்கு யாரும் அணுக் கதை சொல்லலையா?

---

மதுரக்காரன் எழுதியது:

சொன்னாரும்மா ஒருத்தர். பிரிட்டிஷ் குழுவுல லாஸ் அலமாஸ் போன கிளாஸ் ஃபுக்ஸ். அரசாங்கத்தைக் கேட்காம சொன்னதால 1950ல 14 வருஷம் ஜெயில்னு தீட்டிட்டாங்க.

---

கப்பல்_பித்தன் எழுதியது:

தூத்துக்குடியில இருந்து வணக்கம். எதிரணி எப்படிப் பகிர்ந்துக்கிட்டாங்கன்னு யாருமே தொடலையே.

ஐ-29ன்னு ஒரு ஜப்பான் நீர்மூழ்கி. பேர் தெரியாட்டியும் அதை உங்க எல்லாருக்கும் தெரியும். 1943 ஏப்ரல்ல மடகாஸ்கர் பக்கம் கொந்தளிக்கிற கடல்ல, ஜெர்மன் யு-180ல இருந்து ரப்பர் படகுல நேதாஜியும் ஆபித் ஹசனும் மாறி ஏறினாங்களே, அந்தக் கப்பல்தான். அவங்களைச் சுமத்ராவுக்கு வடக்க சபாங்ல இறக்கி விட்டுது.

அதே ஐ-29 மறு வருஷம் பிரான்சுல லோரியாங் துறைமுகத்துக்குப் போய் ஜெர்மன் ராக்கெட் விமானம், ஜெட் விமானச் சரக்கை ஏத்திக்கிட்டுக் கிளம்பிச்சு. மூணு மாசப் பயணம். 1944 ஜூலையில சிங்கப்பூர் வந்தாச்சு. ஒரு அதிகாரி மட்டும் கொஞ்சம் வரைபடத்தை எடுத்துக்கிட்டு விமானத்துல டோக்கியோ போனாரு. கப்பல் மிச்சச் சரக்கோட வடக்க போகையில ஜூலை 26 அன்னிக்கு பிலிப்பைன்ஸ்ல லூசான் பக்கம் அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அடிச்ச டார்பிடோவுல முழுகிப் போச்சு.

ஜப்பான்காரங்க கையில மிஞ்சுனது பிஎம்டபிள்யூ ஜெட் எஞ்சினோட ஒரு குறுக்குவெட்டுப் படமும் கொஞ்சம் காகிதமும். அதைப் பார்த்துப் பார்த்தே சொந்தமா எஞ்சின் செஞ்சு, கிக்கான்னு ஒரு விமானத்தைப் பறக்க விட்டாங்க. சாமர்த்தியம்தான், ஆனா தேதி 1945 ஆகஸ்ட் 7. ஹிரோஷிமாவுக்கு மறுநாள்.

இந்தப் பக்கம் பாருங்க, பிரிட்டிஷ்காரர் ஃப்ராங்க் விட்டில் செஞ்ச ஜெட் எஞ்சினை 1941 அக்டோபர்ல ஆளோட சேர்த்து விமானத்துல அமெரிக்கா அனுப்பினாங்க. சரியா ஒரு வருஷத்துல பெல் விமானக் கம்பெனி செஞ்ச ஜெட் விமானம் பறந்துது. அது ஒண்ணும் பெரிய வேகமில்லை, அது வேற. வானொலி அண்ணன் சொன்ன எட்டுத் துளைக் கதை இங்கயும் பொருந்துது.

---

நாஞ்சில்_மணல் எழுதியது:

நான் மணவாளக்குறிச்சிப் பக்கம். கோவை அண்ணாச்சி சொன்ன அந்தச் சுருள் கம்பி தோரியம் கலந்த டங்ஸ்டன். தோரியம்னா எங்க ஊரு மணல்தான். 1909 வாக்குல ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், இங்கேருந்து போன கயிற்று நாருல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துட்டுத் தேடி வந்தார். அப்போ பெட்ரோமாக்ஸ் மேன்டிலுக்குத்தான் அது வேணும். எங்க பகுதி அன்னைக்குத் திருவிதாங்கூர்.

1944ல அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து உலகத்துல இருக்கிற யுரேனியம், தோரியத்தைத் தங்களோட கைக்குள்ள வைக்க ஒரு கூட்டு அமைப்பு போட்டாங்க. காங்கோ யுரேனியத்தோட திருவிதாங்கூர் மணல்ல இருக்கிற தோரியக் கனிமமான மோனசைட்டும் அவங்க பார்வையில விழுந்துது. நேசநாடுகள் ஒத்துழைக்குதுன்னா, மணலுக்குச் சொந்தக்காரனையும் ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு பார்க்கணும்லா?

---

பழைய_வானொலி எழுதியது:

நாஞ்சிலாரே, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அதற்கு ஒட்டினாற்போல ஒன்று. 1940 தொடக்கத்திலேயே வாஷிங்டனில் உட்கார்ந்து, அமெரிக்காவோடு ரகசியத்தைப் பகிருங்கள் என்று நச்சரித்தவர் ஏ. வி. ஹில் என்ற உடலியல் விஞ்ஞானி, நோபல் வாங்கியவர். அதே ஹில்தான் 1943 கடைசியில் இந்தியா வந்து சில மாதம் சுற்றி, இங்கே ஆராய்ச்சியை எப்படி அமைக்கலாம் என்று அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1944-45ல் பட்நாகர், மேகநாத சாஹா உள்ளிட்ட விஞ்ஞானிகள் குழு பிரிட்டன், அமெரிக்கா, கனடா போய்ப் பார்த்து வந்தது. பார்த்து வர மட்டும்தான். அவர்கள் கையில் யாரும் தகரப் பெட்டி கொடுக்கவில்லை.

---

மதுரக்காரன் எழுதியது:

சரிண்ணே, "சுத்தமான ஏமாளித்தனம்"ல "சுத்தமான"வை மட்டும் வாபஸ் வாங்கறேன். கோவை அண்ணே, உங்க அவன் மேக்னட்ரான்ல எத்தனை சந்து? எட்டா, ஆறா?

---

கோவை_மெக்கானிக் எழுதியது:

கடையை அடைச்சுட்டு இப்பத்தான் வந்தேனுங்க. அறுத்து வச்ச பீஸை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பத்து. வளையமும் அப்படியே இருக்குது, மேல ரெண்டு, கீழ ரெண்டு. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினா உள்படமே போடலை, வெறும் கட்டம் வரைஞ்சு மேக்னட்ரான்னு எழுதி வச்சிருக்கான். போட்டோ நாளைக்குப் போடறேன், போன் பொண்ணுகிட்ட இருக்குது.